இருந்துவிட்டால்? – ஆம்பூரில் நான்கு நாட்கள்

ஆம்பூரில் இறங்க வேண்டியவள் நாட்றம்பள்ளியில் இறங்கினேன். காரணம் தூக்கம். மலேசியாவில் கிள்ளானிலிருந்து விடியுமுன் கிளம்பி, விமானத்தில் பக்கத்து இருக்கைக் குழந்தையிடம் உதை வாங்கி, சென்னையில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் கண் சொருகிவிட்டது. "இன்னா ஆயா, ஆம்பூர் போயி எவ்ளோ நேரமாச்சு, தூங்கிட்டியா?" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார். எங்கள் ஊரில் ஆயா என்றால் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். இங்கே பாட்டி என்று அர்த்தமாம். எனக்கு ஐம்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. எந்த அர்த்தமாக இருந்தாலும் கோபம் வந்தது.

சாலையைத் தாண்டி நின்று, வந்த வழியே திரும்பும் பேருந்தைப் பிடித்தேன். பக்கத்தில் கொய்யாக் கூடையோடு ஓர் அம்மாள். முன் இருக்கையில் இரண்டு பேர் உருதுவில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். சண்டையோ என்று பயந்து கேட்டேன். அந்த அம்மாள் கூடையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே மொழிபெயர்த்தார்: "கல்யாணத்துல பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சாம், கறி கம்மியாம், மாப்பிள்ள வூட்டுக்காரன் மூஞ்ச தூக்கிக்கினானாம்." உருது எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பக்கத்து வீடு என்றார். கிள்ளானில் நான் ஹொக்கியன் சீனம் கற்றுக்கொண்டதும் பக்கத்து வீட்டில்தான். அந்த இடத்தில் ஊர் கொஞ்சம் பழகினதாகிவிட்டது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான தோல் காலணிகளை வாங்கி விற்கும் ஒரு கம்பெனிக்கு நான் தரம் பார்க்கிறேன். சரக்கு கப்பலேறும் முன் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருடமாக இந்தோனேசியா, வியட்நாம் என்று அலைந்தவளுக்குத் தமிழ் பேசும் தொழிற்சாலை இதுவே முதல் தடவை.

பேருந்து நிலையத்தில் உற்பத்தி மேலாளர் பாஸ்கரன் காத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, இரண்டு கையிலும் மோதிரம், தாமதத்துக்கு முகம் சுளிக்காத மனிதர். அவருடைய காரில் முன்பக்கம் ஒரு பிள்ளையார், அவருக்கு அருகில் ஒரு சிலுவை, கண்ணாடியில் தர்காவில் கட்டிய பச்சைக் கயிறு. யாருக்கு யார் துணை என்று கேட்டேன்.

"சாமி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது மேடம். ஆனா இருந்துட்டா? செலவு இன்னா, ஒரு சூடம், ஒரு மெழுகுவத்தி. இல்லாம போச்சுன்னா நஷ்டம் அம்புட்டுதான். இருந்துட்டா லாபம் ஜாஸ்தி."

இந்தக் கணக்கை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வெறுத்தவள். என் அப்பா தோட்டத்தில் பகுத்தறிவு பேசியவர். அவர் படுக்கையில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, எதற்கும் ஒரு தடவை முருகா என்று சொல்லிவிடுங்களேன் என்றார். அப்பா சிரித்தார். இவ்வளவு காலம் இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது போய் நின்றால், இருக்கிறவருக்கே என்னைப் பார்த்தால் கேவலமாக இருக்காதா என்று கேட்டார். எனக்கு அப்பாவைப் பிடித்த நிமிடங்களில் அது ஒன்று.

பாஸ்கரனிடம் இதைச் சொன்னேன். அவர் விடவில்லை. பிரியாணிக் கடையில் உட்கார்ந்தும் வாதம் தொடர்ந்தது. சின்னச் சின்னச் சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பும் எண்ணெயுமாகக் கத்திரிக்காய். எங்கள் ஊர் பிரியாணிக்கு இதைவிட மசாலா அதிகம், ருசி குறைவு. இதை எழுதியதற்காகக் கிள்ளானில் என்னை இரண்டு கடைகளில் உள்ளே விடமாட்டார்கள். தலைக்கவசம் போடுகிறோமே, தினமுமா விழுகிறோம் என்றார் பாஸ்கரன். தலைக்கவசத்தை நம்ப வேண்டாமே, போட்டால் போதுமே என்றேன். சாமி மனசுக்குள் பார்ப்பவர் என்கிறீர்கள். ஒருவேளைக்காகக் கும்பிடுகிறான் என்று அவருக்குத் தெரியாதா? கும்பிட்டுக்கொண்டே இருந்தால் பழகிவிடும், பழகினால் நம்பிக்கை வந்துவிடும் என்றார். நான் வாதத்தை வேறு பக்கம் திருப்பினேன். என்னைத் தவிர வேறு தெய்வத்தைக் கும்பிடாதே என்று ஒருவர் சொல்லியிருக்கிறாரே, அவரை என்ன செய்வீர்கள்?

"அவருகிட்ட போறப்ப மத்தவங்க பேச்ச எடுக்க மாட்டேன் மேடம்."

சிரித்ததில் கத்திரிக்காய் புரையேறிவிட்டது. அன்றைய வாதத்தில் வென்றது அவர்தான் என்று இலையை மடித்தேன்.

சனிக்கிழமை காலை தொழிற்சாலை. ஊருக்குள் வரும் தோல் வாடை மூன்றாவது மணி நேரத்தில் மூக்கைவிட்டுப் போய்விட்டது. தையல் கூடத்தில் ஐந்து வரிசை மெஷின்கள், அத்தனையிலும் பெண்கள். காலணியின் அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன், மேல்பாகத்தை மட்டும் தைக்கும் இடம் அது. அதை அப்பர் என்கிறார்கள். தைத்த அப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது என் பழக்கம். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

பிறகு ஊசிப் பதிவேடு. குழந்தைக் காலணி செய்யும் எல்லா இடத்திலும் இது உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, நோட்டில் வைத்து டேப் ஒட்ட வேண்டும். எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் வரிசையை நிறுத்தி, அந்த மெஷினில் தைத்ததை எல்லாம் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமைப் பக்கத்தில் ஓர் ஊசி உடைந்திருந்தது. அடி, நடு, முனை மூன்றும் ஒட்டியிருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

மதியம் கேன்டீனில் சாம்பார் சாதத் தட்டோடு உட்கார்ந்தபோது ஒரு பெண் எதிரே வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, அடையாள அட்டையில் ஸ்டெல்லா என்று பெயர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வியாழக்கெழம ஒட்டுனது என் ஊசி மேடம். அந்த மொன என்னுது இல்ல."

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. ஊசி உடைந்தபோது முனை கிடைக்கவில்லை. தேடினார். மணிக்கு இத்தனை என்று இலக்கு இருக்கிறது; வரிசை நின்றால் எல்லோருக்கும் இலக்கு போகும். இங்கே பல பேர் பழைய ஊசி முனைகளைச் சோப்புத் துண்டில் குத்தி மெஷினுக்கு அடியில் வைத்திருப்பார்களாம். அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஒட்டிவிட்டார். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். முறிந்த விளிம்புகள் இரண்டும் பொருந்தவே இல்லை. ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். நான்தான் மூன்று துண்டு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டவள்.

பொய்ப் பதிவுக்கு என் கம்பெனியின் விதி ஒரே வரி: அந்த ஆள் வேலையில் இருக்கக் கூடாது. ஸ்டெல்லாவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னார் என்று கேட்டேன்.

"காத்தால ஒவ்வொரு அப்பர்லயும் கைய வுட்டு வுட்டுப் பாத்தீங்க. எங்க உங்க வெரல்ல குத்திடுமோன்னு பாத்துக்கினே இருந்தேன். அப்பதான் தோணுச்சு, உங்களுக்காவது வெரல எடுக்கத் தெரியும். கொழந்தைக்கு என்னா தெரியும்?"

சாம்பார் சாதம் ஆறிவிட்டது.

பாஸ்கரனிடம் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மெஷினில் அன்று தைத்தது நூற்றிருபது ஜோடி. வெள்ளிக்கிழமையே அவற்றுக்கெல்லாம் பட்டையை மாட்டும் இரும்புக் கொக்கி, பக்கிள், அடித்தாகிவிட்டது. இப்போது உலோகம் பார்க்கும் மெஷினில் விட்டால் ஒவ்வொன்றும் கத்தும். பக்கிளைக் கழற்றி, கணுக்காலைச் சுற்றி வரும் பஞ்சுப் பட்டையைப் பிரித்து, தனித்தனியாகத்தான் விட வேண்டும். திங்கட்கிழமை அடுத்த பகுதிக்கு அனுப்பியாக வேண்டும், இடையில் இருப்பது ஞாயிறு ஒரு நாள்தான்.

"பேஜாரா போச்சே," என்றார். "முனை தரையில வுழுந்திருக்கும் மேடம். நூத்துக்குத் தொண்ணுத்தொம்போது அப்படித்தான். நெசமா சொல்லுங்க, உள்ள இருக்குன்னு நீங்க நம்புறீங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் பிரிக்கச் சொல்றீங்க?"

"இருந்துவிட்டால்?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பாஸ்கரன் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. ஒருவேளைக்காகச் செலவு செய் என்பதைக் கேட்டாலே எரிந்து விழுபவள், பதினோரு வருடமாக அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தும் எரிச்சல் போகவில்லை. சூடம் கொளுத்தும் பாஸ்கரனுக்கும் அப்பரைப் பிரிக்கச் சொல்லும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்டெல்லா வந்தார். சர்ச்சுக்குப் போகும் நேரம் அது. கூடவே ஆறு பெண்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக என் மேசைக்கு வந்து, முந்தானையிலிருந்தும் டிபன் பையிலிருந்தும் எடுத்து வைத்தார்கள்: ஆறு சோப்புத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து ஊசி முனைகள். பாஸ்கரன் அதைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, ஊசி தேடுகிற நேரத்தை இலக்கிலிருந்து கழித்திருந்தால் இந்தச் சோப்புக்கே வேலை இருந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கிள் கழற்ற வந்தார்.

தைப்பவர்களுக்குப் பிரிக்கப் பிடிக்காது. முதல் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நூலை அறுத்தார்கள். பிறகு பேச்சு வந்தது. நெமிலிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கையைப் பற்றி, ராணிப்பேட்டையில் படிக்கும் மகளின் பஸ் பாஸ் பற்றி. மதியம் ஸ்டெல்லா களியும் கருவாட்டுக் குழம்பும் பிரித்தார். களியை எப்படி உருட்டி மெல்லாமல் விழுங்குவது என்று ஆறு பேரும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது உருண்டையில் தேறிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன். உங்கள் சார் சொல்வது போல, சாமியை நம்பி வைப்பது ஒரு பாதுகாப்புக்குத்தானா?

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சாருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. என்னுத சொல்றேன். வியாழக்கெழம வீட்டுக்குப் போய் முட்டி போட்டு மன்னிப்பு கேட்டேன். ஆண்டவரு மன்னிச்சிட்டாருன்னு மனசு லேசாயிடுச்சு, தூங்கிட்டேன். வெள்ளிக்கெழமயும் நிம்மதியாத்தான் இருந்தேன். உங்க கையப் பாத்தப்பதான் ஒறைச்சுது. அவரு என்னை மன்னிச்சிட்டாரு சரி, ஷூவுல ஊசி அப்படியேதான மேடம் இருக்கும்?"

நான் பையில் வைத்திருந்த வாதங்கள் எதிலும் இது இல்லை. சாமி இருப்பதாகப் பந்தயம் கட்டுகிறவர் காப்பாற்றிக்கொள்வது தன்னைத்தான். நான் கெட்டிக்காரத்தனமாகக் கட்ட மறுத்ததும் என் மரியாதைக்காகத்தான். இவர் கட்டிய பந்தயத்தில் வைத்தது தன் வேலையை. ஜெயித்தால் லாபம் பெயர் தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்கு.

நாலரை மணிக்குக் கடைசி அப்பர் உள்ளே போனது. மெஷின் கத்தவில்லை. இருநூற்று நாற்பதில் ஒன்றுக்குக்கூடக் கத்தவில்லை. சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு சோப்புத் துண்டை விட்டுப் பார்த்தேன், அலறியது. முனை எந்தக் காலணியிலும் இல்லை.

"தரைன்னு அப்பவே சொன்னேன்," என்றார் பாஸ்கரன், சலிப்பாக. "இல்லாத ஒண்ணுக்காக ஒரு ஞாயித்துக்கெழம போச்சு."

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தேன். வேலையையும் அடகு வைத்து, ஒரு நாளையும் கொடுத்து, ஒன்றும் கிடைக்காதவர். அவர் அழுதுகொண்டே சிரித்தார். "இல்லன்னா நல்லதுதான சார். குத்து வாங்க வேண்டிய கொழந்தன்னு ஒண்ணு எங்கயும் இல்லியே."

தோற்றதற்குச் சந்தோஷப்பட்ட பந்தயக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கண்ணும் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் என்ன.

எல்லோரும் பையை எடுத்தார்கள். ஸ்டெல்லா மட்டும் வாசலில் நின்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அப்ப அது தரையிலதான இருக்கு? கோவிந்தம்மாக்கா வெறுங்காலோடதான பெருக்கும்?"

கோவிந்தம்மா கூடம் பெருக்கும் பெண். சனிக்கிழமை என் நாற்காலிக்கு அடியில் துடைப்பத்தை விட்டு, காலைத் தூக்குங்கள் என்று சைகை காட்டியவர். அவர் காலை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுதான் விசேஷம். நாளொன்றுக்கு ஆயிரம் ஜோடி காலணி தைக்கும் கூடத்தில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார், அது என் கண்ணில் ஒரு குறையாகப் படவே இல்லை. எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு குழந்தையின் பாதத்துக்காக என் விதிப் புத்தகத்தில் பதினான்கு பக்கம். இந்தப் பாதத்துக்கு ஒரு வரி கிடையாது. அந்தப் புத்தகத்தைத் திருத்தும் குழுவில் நானும் ஒருத்தி.

குப்பை திங்கட்கிழமைதான் போகும், வியாழக்கிழமைப் பெருக்கல் கொல்லைப்புறத்து மூட்டையில் இருக்கும் என்றார் பாஸ்கரன். நானும் ஸ்டெல்லாவும் தார்ப்பாயை விரித்து மூட்டையைக் கொட்டினோம். நூல், தோல் சீவல், தலைமுடி, பொறை பிஸ்கட் துண்டு. காந்தத்தை நான் பிடித்தேன், அவர் கிளறினார். மற்ற ஆறு பேரும் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து கூடத்துத் தரையைக் குச்சிக் காந்தத்தால் தடவ ஆரம்பித்தார்கள். குனிந்தே இருந்ததில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. முக்கால் மணி நேரம் கழித்து மூட்டையின் அடியில், ஒரு நூல் பந்துக்குள்ளிருந்து, அரிசிக் குருணை அளவில் ஒன்று காந்தத்தில் வந்து ஒட்டியது. பதிவேட்டில் ஒட்டியிருந்த நடுத்துண்டோடு சேர்த்து லென்ஸில் பார்த்தேன். விளிம்பு விளிம்போடு உட்கார்ந்தது.

பாஸ்கரன் தன் கார் நின்ற பக்கம் திரும்பி, பச்சைக் கயிற்றையும் பிள்ளையாரையும் சிலுவையையும் ஒரே கும்பிடாகக் கும்பிட்டார். சனிக்கிழமையே மூன்று பேரிடமும் வேண்டிக்கொண்டேன் என்றார். நான் மறுக்கவில்லை. குப்பையைத் திரும்ப அள்ளிய கைகளில் அவர் கையும் இருந்தது.

விடுதியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பொய்ப் பதிவு நடந்தது, பார்க்காமல் கையெழுத்திட்டவள் நான், சொன்னவர் தானாக வந்து சொன்னார். ஆறு சோப்புத் துண்டுகளும் அதேபோல் தாமாகவே வந்தன, அவற்றையும் எழுதினேன். உடைந்த துண்டுகளைச் சரிபார்த்துப் புது ஊசி கொடுக்கும் மேசையில் இனி ஸ்டெல்லாவை உட்கார வைக்கலாம் என்று என் சிபாரிசையும் சேர்த்தேன். விதியை மீறிக் கேட்கிறேன் என்பதையும் எழுதினேன். பாஸ்கரன் தன் பக்கத்துக் கடிதத்தில், ஊசி தேடும் நேரம் இனி இலக்கில் சேராது என்று எழுதிக் கொடுத்தார். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை காலை பதில் வந்தது: ஸ்டெல்லாவும் மற்ற ஆறு பேரும் வேலையில் இருக்கலாம், மூன்று மாதம் கண்காணிப்பில். மேசையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அது போதும் என்றார் ஸ்டெல்லா. எனக்குப் போதவில்லை, ஊருக்குப் போய்ச் சண்டை போட வேண்டும்.

கூடத்தில் நடக்கும் கால்களைப் பற்றி விதிப் புத்தகத்துக்கு நான் எழுதி அனுப்பிய புது வரிக்கு இதுவரை பதில் இல்லை. பாஸ்கரன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாமி இருக்கிறாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது, இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இருந்துவிட்டால், யார் யார் தனக்குச் சூடம் கொளுத்தினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவராக அவர் இருக்க மாட்டார் என்ற ஒன்றை மட்டும் அந்த ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

கார் வாசலில் நின்றது. தையல் கூடத்தில் கடைசியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கோவிந்தம்மா கறுப்புக் காலணி போட்டுக்கொண்டு, சேற்றில் நடப்பது போல் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தார். மெஷின்களிலிருந்து பெண்கள் கிண்டல் செய்தார்கள். என்னைக் கண்டதும் நேராக வந்தார்.

"நீதான் போடச் சொன்னியாமே. கால் கடிக்குதும்மா."

கீழே உட்கார்ந்தேன். அவர் பதறிப் பின்வாங்கினார், விடவில்லை. குழந்தைகளுக்குப் போட்டு அளவு பார்க்கும்போது பதினோரு வருடமாகச் செய்வது போலவே கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தேன். பெருவிரல் முட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சைஸ் பெரிசு வேண்டும்," என்று பாஸ்கரனிடம் சொன்னேன். அவர் எடுத்துவர ஓடினார்.